டயாலிசிஸும் கண் அழுத்தமும்: குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு பாடம்



டயாலிசிஸ் என்ற சொல் இன்று நம் ஜமாஅத்தில் யாருக்கும் புதிதல்ல. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்திருப்பது என்றால் என்ன என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும். தண்ணீர்க் கணக்கு, உப்புக் கணக்கு, ஃபிஸ்டுலா உள்ள கையைப் பாதுகாப்பது, ஹீமோகுளோபின் ஊசி என்று பல விஷயங்களைப் பழகிக்கொண்டவர்கள் அவர்கள். ஆனால் டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் மாறக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு பழுதானால் போன பார்வை திரும்பக் கிடைக்காது. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பெரும்பாலும் காத்துக்கொள்ளலாம். இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் டயாலிசிஸைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ கூடாது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது உயிர்ச் சிகிச்சை. கண்ணுக்காகச் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் டயாலிசிஸைத் தொடர்ந்துகொண்டே செய்ய வழி இருக்கிறது.

கண் அழுத்தம் என்றால் என்ன?

கண்ணின் முன்பகுதியில் தெளிவான ஒரு நீர் எப்போதும் சுரந்துகொண்டே இருக்கிறது. இது நாம் அழும்போது வரும் கண்ணீர் அல்ல. கண்ணுக்கு உள்ளேயே சுற்றி வரும் நீர். சுரக்கும் அளவுக்கு வெளியேறவும் வேண்டும். கருவிழியின் ஓரத்தில், கோணம் போன்ற ஒரு மூலையில், மிக நுண்ணிய சல்லடை ஒன்று இருக்கிறது. அதன் வழியாக நீர் வடிந்து இரத்தத்தில் சேர்ந்துவிடும். வரத்தும் வடிகாலும் சமமாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்கும்.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. கனமழை பெய்தாலும் மழைநீர் வடிகால் சுத்தமாக இருந்தால் தெருவில் தண்ணீர் நிற்காது. வடிகால் அடைத்திருந்தால் சாதாரண மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். கண்ணும் அப்படித்தான். வடிகால் அடைபட்டு அழுத்தம் ஏறினால், பின்னால் உள்ள பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. இதைத்தான் கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா என்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வலியே இருக்காது. பக்கவாட்டுப் பார்வை முதலில் போகும். நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் நோயாளிக்குத் தெரியாமலே நோய் முற்றிவிடும்.

சென்னையின் சங்கர நேத்ராலயா மருத்துவமனை 2001 முதல் 2004 வரை சென்னை நகரிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து ஓர் ஆய்வு நடத்தியது. இந்நோயின் பொதுவான வகை மட்டும் நகரத்தில் 100 பேரில் ஏறக்குறைய மூன்றரைப் பேருக்கும், கிராமத்தில் ஒன்றரைப் பேருக்கும் இருந்தது. அவர்களில் 100-க்கு 90 பேருக்கும் மேல், தமக்கு அந்த நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள். அப்படியென்றால், டயாலிசிஸ் நாற்காலியில் அமரும் ஒருவருக்கு ஏற்கெனவே கண் வடிகால் பழுதாக இருந்தும் அது தெரியாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

டயாலிசிஸின்போது என்ன நடக்கிறது?

உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டுவைத்தால் சற்று நேரத்தில் உப்பிவிடுகிறது. உள்ளே சர்க்கரை அடர்த்தி அதிகம், வெளியே குறைவு. அதனால் தண்ணீர் அடர்த்தி அதிகமுள்ள பக்கம் போகிறது. உடம்பிலும் இதே விதிதான்.

சிறுநீரகம் வேலை செய்யாதவரின் இரத்தத்தில் யூரியா சேர்ந்திருக்கும். கண்ணுக்குள் உள்ள நீரிலும் அது சேர்ந்திருக்கும். டயாலிசிஸ் எந்திரம் இரத்தத்தில் உள்ள யூரியாவை வேகமாக எடுத்துவிடுகிறது. ஒரு முறை செய்தால் குறைந்தது 65% அளவு யூரியா குறைய வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. ஆனால் கண்ணுக்குள் இருக்கும் யூரியா அதே வேகத்தில் வெளியே வராது. சில மணி நேரம் கண்ணுக்குள் அடர்த்தி அதிகமாகவும் இரத்தத்தில் குறைவாகவும் இருக்கும். அப்போது இரத்தத்திலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் நுழைகிறது, அழுத்தம் ஏறுகிறது. மூளையிலும் இதுபோல நீர் ஏறுவதால்தான் சிலருக்கு முதல் சில டயாலிசிஸ்களில் தலைவலி, குமட்டல், குழப்பம் வருகின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு வேலையும் அதே நேரத்தில் நடக்கிறது. உடம்பில் தேங்கிய நீரை எந்திரம் உறிஞ்சி எடுக்கும்போது இரத்தத்தில் உள்ள புரதங்களின் அடர்த்தி கூடுகிறது. அது கண்ணிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும்; அழுத்தம் இறங்கும்.

இந்த இரண்டில் எது மேலோங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் டயாலிசிஸ் செய்பவர்களை ஆராய்ந்தவர்கள் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறுவதையும், சிலருக்கு இறங்குவதையும், சிலருக்கு மாறாமல் இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். வடிகால் நன்றாக உள்ள கண்ணில் கூடுதலாக வந்த நீர் வடிந்துவிடும், தீங்கில்லை. வடிகால் குறுகிய அல்லது அடைபட்ட கண்ணில்தான் அழுத்தம் தாறுமாறாக ஏறும்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

* ஏற்கெனவே கண் நீர் அழுத்த நோய் இருப்பவர்கள், குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்கள்.
* கண்ணின் கோணம் குறுகலாக இருப்பதாக மருத்துவர் சொல்லியிருப்பவர்கள்.
* நீண்டகாலச் சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள். சிறுநீரகத்தைக் கெடுத்த அதே சர்க்கரை நோய் விழித்திரையையும் கெடுக்கிறது. நோய் முற்றும்போது கண்ணின் வடிகால் மூலையில் தேவையற்ற புது இரத்தக் குழாய்கள் முளைத்து வழியை அடைத்துவிடும். இது மிகக் கடுமையான வகை.
* ஸ்டீராய்டு மாத்திரையோ சொட்டு மருந்தோ நீண்ட நாள் பயன்படுத்துபவர்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களும் இதில் அடங்குவர். கண் சிவந்தது, அரித்தது என்று மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் சொட்டு மருந்துகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும்.
* புதிதாக டயாலிசிஸ் தொடங்கியவர்கள், இடையில் தவறவிட்டு யூரியா மிகவும் ஏறிய நிலையில் வருபவர்கள். ஏறிய அளவு எவ்வளவோ, இறங்கும் வேகமும் அவ்வளவு.

அறிகுறிகளை எப்படி அறிவது?

எந்திரம் ஓடத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கண்ணிலோ புருவத்துக்கு மேலோ வலி, பார்வை மங்குதல், விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிதல், ஒரு பக்கத் தலைவலி, குமட்டல், கண் சிவத்தல். ஒவ்வொரு டயாலிசிஸிலும் இது திரும்பத் திரும்ப வந்து, வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரத்தில் தணிந்தால் கண்ணைச் சந்தேகிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டயாலிசிஸில் தலைவலியும் வாந்தியும் இரத்த அழுத்தம் இறங்குவதாலும், யூரியா வேகமாக இறங்குவதாலும், வேறு பல காரணங்களாலும் வரும். அதனால் 'டயாலிசிஸ் என்றால் தலைவலி இருக்கத்தான் செய்யும்' என்று நோயாளியும் வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 58 வயதான ஒரு பெரியவர். 20 வருடச் சர்க்கரை நோய். வாரம் இருமுறை டயாலிசிஸ். மூன்றாவது மணி நேரத்தில் வலது கண்ணுக்கு மேல் வலிக்கிறது. மகன் கேட்டால், 'ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போனா சரியாயிடும்' என்கிறார். சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவார்களோ, இன்னொரு மருத்துவமனைக்கு அலைய வேண்டுமோ, பிள்ளைகளுக்குச் செலவோ என்ற எண்ணம். இப்படி மறைப்பதில்தான் பார்வை போகிறது. பெரியவர்கள் சொல்லமாட்டார்கள்; நாம்தான் கேட்க வேண்டும். 'அத்தா, எந்தக் கண்? எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? லைட்டைப் பார்த்தா வளையம் தெரியுதா?' என்று குறிப்பாகக் கேளுங்கள்.

கண்ணில் தாங்க முடியாத வலி, சிவப்பு, வாந்தி, பார்வை திடீரெனக் குறைதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே, அந்த மணி நேரத்திலேயே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியே இல்லாமல் கண்முன் கரும்புள்ளிகள் மழைபோலத் தெரிந்தாலோ, திரை விழுந்ததுபோல இருந்தாலோ அது கண்ணுக்குள் இரத்தக்கசிவாகவோ விழித்திரை விலகலாகவோ இருக்கலாம். அதற்கும் தாமதம் கூடாது.

மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்?

கண் மருத்துவர் முதலில் அழுத்தத்தை அளப்பார். வடிகால் கோணத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கண் பாப்பாவை விரித்து விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்ப்பார். பக்கப் பார்வைப் பரிசோதனை செய்வார். டயாலிசிஸ் இல்லாத நாளில் மட்டும் அளந்தால் எண் சரியாகவே தெரியலாம். ஆகவே சந்தேகம் இருந்தால், ஒரே நாளில் டயாலிசிஸுக்கு முன்பும் முடிந்தவுடனும், முடிந்தால் நடுவிலும் அளக்க ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள்.

அழுத்தம் ஏறுவது உறுதியானால் இரண்டு பக்கமும் சிகிச்சை உண்டு. கண் பக்கம்: அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்துகள், குறுகிய கோணத்துக்கு லேசரால் சிறு துளை, சர்க்கரை நோய் விழித்திரைக்கு லேசர் அல்லது ஊசி, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. டயாலிசிஸ் பக்கம்: இரத்த ஓட்ட வேகத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது, டயாலிசிஸ் திரவத்தின் சோடியம் அளவை மாற்றுவது, இரத்தத்தின் அடர்த்தி சட்டென்று இறங்காமல் சில மருந்துகளை ஏற்றுவது. இவற்றால் யூரியா மெதுவாக இறங்கும். எதுவும் பலனளிக்காத சிலருக்கு வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாறுவது பற்றியும் பேசுவார்கள். அதில் நாள் முழுக்க மெதுவாகக் கழிவு நீங்குவதால் ஏற்ற இறக்கம் குறைவு. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வயிற்று வழி டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவையும் உண்டு.

இவை எல்லாம் நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. கண் மருத்துவருக்கு இவர் டயாலிசிஸ் நோயாளி என்பதும், சிறுநீரக மருத்துவருக்கு இவருக்குக் கண் அழுத்தம் இருப்பதும் தெரிய வேண்டும். இரண்டு சீட்டும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

மருந்துகளில் எச்சரிக்கை

கண் அழுத்தம் திடீரென ஏறினால் வழக்கமாகத் தரப்படும் மாத்திரை அசிட்டசோலமைடு. டயமாக்ஸ் என்ற பெயரில் பலர் அறிவார்கள். இது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. டயாலிசிஸ் செய்பவரின் உடலில் இது தேங்கி மயக்கம், குழப்பம், இரத்தத்தில் அமிலத்தன்மை போன்ற தொல்லைகளைத் தரும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டார் என்று நம் வீட்டுப் பெரியவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. ஏற்றும் மருந்தான மானிட்டாலும் சிறுநீர் வராதவருக்கு உடலில் தேங்கி மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகலாம். சிறுநீரக மருத்துவரின் மேற்பார்வையில்தான் தர வேண்டும். அவசரத்தில் போகும் இடத்தில் 'டயாலிசிஸ் நோயாளி' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

டிமோலால் சொட்டு மருந்து கண்ணில் போட்டாலும் மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கலாம், ஆஸ்துமாவைத் தூண்டலாம். டயாலிசிஸில் இரத்த அழுத்தம் இறங்கும் பழக்கம் உள்ளவர்களும், இழுப்பு உள்ளவர்களும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் அடிக்கடி மிகவும் இறங்குவது பார்வை நரம்புக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும்.

கண்ணில் அறுவை சிகிச்சை முடிவானால் டயாலிசிஸ் பிரிவுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்தை அந்த நாட்களில் எப்படித் தருவது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

சொட்டு மருந்து போடும் முறை

கையைக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருந்து இரத்தத்தில் கலப்பது குறையும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிட இடைவெளி. தினம் இருமுறை மருந்தை ஃபஜ்ர் தொழுகையோடும் மாலையில் மஃக்ரிப் அல்லது இஷாவோடும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. இரவு ஒருமுறை மருந்தென்றால் இஷாவுக்குப் பின். புட்டி தீர்ந்ததும் 'இப்போது வலி இல்லையே' என்று நிறுத்திவிடாதீர்கள். இந்த நோயில் வலி இல்லை என்பதற்கு அழுத்தம் இல்லை என்று பொருளல்ல.

நோன்பும் தொழுகையும்

ரமளானில் பகல் நேரத்தில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் நிலைப்பாடு. மனத்தில் தயக்கம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மருந்தை மட்டும் விடாதீர்கள். இருமுறை மருந்தை ஸஹர் நேரத்திலும் இஃப்தாருக்குப் பின்னும் போட்டுக்கொள்ளவும் மருத்துவரிடம் கேட்கலாம்.

டயாலிசிஸ் செய்பவர் நோன்பு வைக்கலாமா என்பதை அவருடைய சிறுநீரக மருத்துவர் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஃபித்யா பற்றிய விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நோன்பு வைக்காதவரும் வீட்டாரோடு இஃப்தாரில் அமர்வார். அங்கே கவனம் வேண்டும். ஒரே மூச்சில் நிறையத் தண்ணீரோ சர்பத்தோ குடித்தால் கண் அழுத்தம் சற்று நேரத்துக்கு ஏறும். உடல் எடையும் ஏறும். நோன்புக் கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும். அதில் உப்பும் உண்டு. பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் அதிகம் என்பதால் எத்தனை என்று மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஸஜ்தாவில் தலை தாழும்போது எல்லோருக்குமே கண் அழுத்தம் சற்று ஏறி, எழுந்த சிறிது நேரத்தில் இறங்கிவிடும். இதற்காகத் தொழுகை முறையைத் தாமாக மாற்ற வேண்டியதில்லை. நோய் மிக முற்றியவர்களும், கண் அறுவை சிகிச்சை முடிந்தவர்களும் எத்தனை நாள் குனியக் கூடாது என்று கேட்டு, அதுவரை உட்கார்ந்து தொழலாம்.

எங்கே போகலாம்?

நமக்கு அருகில் ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கண்ணுக்கென்றே 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. திருவொற்றியூரிலிருந்தும் விம்கோ நகரிலிருந்தும் மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே வண்டி மாறி எழும்பூரில் இறங்கலாம். டயாலிசிஸ் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். 1993 முதல் சென்னையில் இயங்கும் டேங்கர் அறக்கட்டளை ஏழை நோயாளிகளுக்காக டயாலிசிஸ் மையங்களை நடத்துகிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் டயாலிசிஸ் செய்பவர் கடைசியாகக் கண் பரிசோதனை செய்தது எப்போது என்று பாருங்கள். ஒரு வருடம் ஆகியிருந்தால் நாள் குறியுங்கள்.
2. ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு டயாலிசிஸ் நாளுக்கும் எடை, இரத்த அழுத்தம், கண் வலி அல்லது மங்கல் இருந்ததா, எந்த மணி நேரத்தில் என்று எழுதுங்கள்.
3. வலி வரும்போதே அங்குள்ள நர்ஸிடமோ டெக்னீஷியனிடமோ சொல்லப் பழக்குங்கள். அவர்கள் குறிப்பில் எழுதினால் மருத்துவர் பார்ப்பார்.
4. ஒரு டயாலிசிஸையும் தவறவிடாதீர்கள். இடைப்பட்ட நாட்களில் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
5. அந்தக் குடும்பத்தில் 40 வயதைக் கடந்த மற்றவர்களும் சர்க்கரையையும் கண் அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பல நோயாளிகள் கண் பரிசோதனைக்குப் போகாததற்குக் காரணம் கட்டணம் அல்ல. கூட்டிப்போக ஆள் இல்லாததுதான். கண் பாப்பாவை விரிக்கும் மருந்து போட்டபின் தனியாகத் திரும்பிவர முடியாது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் ஒரு நாள் காலையை அவருக்காக ஒதுக்குங்கள். இதில் பணக்காரர், ஏழை என்ற பேதமில்லாமல் எவரும் ஸதகாவின் நன்மையைப் பெறலாம்.

நோயைத் தந்தவனே நிவாரணத்தையும் வைத்திருக்கிறான்; அதைத் தேடுவது நம் கடமை. டயாலிசிஸ் செய்யும் நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தையும், கண்ணொளியையும், பொறுமைக்கான கூலியையும் தந்தருள்வானாக! ஆமீன்.